பின்னால் வந்த படகு

அந்த மோட்டார் சத்தம் உங்களில் யாருக்காவது இன்னும் கேட்கிறதா? நெய்வேலியில் என்னோடு வளர்ந்தவர்களைத்தான் கேட்கிறேன். நமக்கெல்லாம் பாதிக் காது போய்விட்டது. ஆனாலும் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் எனக்கு அது கேட்கிறது. சுரங்கத்துக்கு அடியில் ஊறிக்கொண்டே இருந்த தண்ணீரை ஓயாமல் இறைத்து வெளியே தள்ளிய பம்புகளின் சத்தம். அதை நிறுத்தினால் தண்ணீர் மேலே வந்துவிடும், சுரங்கமே மூழ்கிவிடும் என்று பெரியவர்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்கள். நாமும் கேட்டுவிட்டுப் போய்த் தூங்குவோம்.

நான் சொல்ல வந்தது ஒரு கோடை விடுமுறையைப் பற்றி. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். குவார்ட்டர்ஸ் எல்லாம் புதுசு. தெருவில் நட்ட மரங்கள் எங்கள் உயரம்தான் வளர்ந்திருந்தன. நிழல் என்ற ஒன்றே கிடையாது. காற்றடித்தால் செம்மண்ணும் பழுப்பு நிலக்கரித் தூளும் சேர்ந்து வந்து, உலர்த்திய வேட்டியில் கை வைத்த மாதிரி தடம் பதியும். பலாப்பழக் காலம் வேறு. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கும் பழத்தின் வாசனை ஒரு பிளாக் முழுக்க நிற்கும்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அத்தை இருந்தாள். பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு ஊர்க்காரி. அதனால் எங்களுக்குப் பேட்டை அத்தை. அவள் வீட்டு மாமாவுக்குச் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர் வேலை. பிள்ளைகள் இல்லை. அம்மாவைவிட வயதில் மூத்தவள், உயரமானவள், அதிகம் பேசமாட்டாள். அவளிடம் ஒரு கத்தி இருந்தது. கொம்புப் பிடி போட்டது, நீளம் குறைவு, முனை லேசாக வளைந்திருக்கும். கீரை நறுக்குவது, மீன் ஆய்வது, பலாப்பழம் பிளப்பது எல்லாம் அதில்தான். பலாவுக்கு எண்ணெய் தடவிய அந்தக் கத்தியை அந்த வருஷம் எத்தனையோ தடவை அம்மா என்னை அனுப்பி இரவல் வாங்கியிருக்கிறாள்.

அந்த விடுமுறையில்தான் நூலகத்திலிருந்து அம்மா அந்த நாவலை எடுத்து வந்தாள். தடிமனான புத்தகம். மேலட்டை கிழிந்து, பழுப்புத் துணி போட்டுக் கட்டியிருந்தார்கள். கும்பினிக் காலத்துக் கதை. முத்துப் பெட்டிகளோடு நம் கடற்கரையிலிருந்து கிளம்பும் ஒரு பாய்மரக் கப்பல், ஒரு வெள்ளைக்காரக் கப்பல் தலைவன், வேறு பேரில் அதில் ஏறிவிடும் ஒரு வீரன், அவனுடைய தம்பி. பாதிக் கதையில் புயலில் கப்பல் உடைகிறது. முன்னுரையில் ஆசிரியர், இந்தக் கதையின் அடிப்படை உண்மை என்று எழுதியிருந்தார். தன் வாலிப வயதில் இந்தக் கரையிலிருந்து ரங்கூனுக்குப் புறப்பட்டுக் கடலில் மூழ்கிய ஒரு கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டதை எடுத்துக்கொண்டு, காலத்தைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறாராம்.

அம்மாவுக்கு மதுரை. நாடகம் பார்த்து வளர்ந்தவள். மத்தியானம் வேலை முடிந்ததும் எங்கள் வீட்டு முன்னறையில் பெண்கள் கூடுவார்கள். அம்மா வாய்விட்டு வாசிப்பாள். வீரனுக்கு ஒரு குரல், வெள்ளைக்காரனுக்கு ஒரு குரல். மூலை வீட்டு மாமி கும்பகோணத்துக்காரி, அவள் ஒவ்வொரு பத்திக்கும் “அப்பறம்?” என்பாள். பேட்டை அத்தை சுவரோரம் உட்கார்ந்து ஏதாவது நறுக்கிக்கொண்டிருப்பாள்.

கதையில் ஒரு தண்டேல் வருவான். மாலுமிகளுக்குத் தலைவனைத்தான் கடலோரத்தில் தண்டேல் என்பார்கள். கப்பல் உடைந்த பிறகு பெரிய படகு ஒன்றில் கொஞ்சம் பேர் தப்புகிறார்கள். அதன் பின்னால் கயிற்றில் கட்டிய சின்னப் படகில் இன்னும் சிலர். வீரனின் தம்பி அதில் இருக்கிறான். பின்னால் வந்த படகில் தண்ணீர் ஏறி முன்படகையும் சேர்த்து இழுக்கிறது. மழையும் இருட்டும். யாரும் பார்க்காதபோது தண்டேல் கயிற்றை அறுத்துவிடுகிறான். அறுந்துபோனது என்று எல்லோரிடமும் சொல்கிறான். ஒரு மின்னலில் பின்படகிலிருந்த அந்தத் தம்பிப் பையன் மட்டும் அதைப் பார்த்துவிடுகிறான். அவன் கத்தவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான் என்று அந்த அத்தியாயம் முடியும்.

“பாவி! அவன் கை அழுகிப் போக!” என்று அம்மா புத்தகத்தைத் தரையில் வைத்துவிட்டே திட்டினாள். “அவனுக்கெல்லாம் குடும்பம்னு ஒண்ணு இருக்குமா? இருந்தா விளங்குமா?” என்றாள் மாமி. ஆளாளுக்குச் சாபம் கொடுத்தார்கள். நானும் கூடச் சேர்ந்து “பாவி” என்று கத்தியது நினைவிருக்கிறது. எல்லாம் அடங்கிய பிறகு பேட்டை அத்தை கேட்டாள்.

“தங்கச்சி, அந்தக் கடைசிப் பக்கத்த இன்னொரு தடவ படியேன்.”

அம்மாவுக்குப் பெருமை. தன் வாசிப்பு நன்றாக இருந்ததால் கேட்கிறாள் என்று நினைத்து, இன்னும் குரலை ஏற்றி இறக்கி வாசித்தாள். மறுநாளும் அத்தை அதையே கேட்டாள். அதற்கு அடுத்த நாளும். “என்னடி இது, கதை மேல போகவே விடமாட்டேங்கறாளே” என்று மாமி முணுமுணுத்தாள்.

பிள்ளைகளாகிய எங்களுக்கும் அந்தக் கதை தொற்றிக்கொண்டது. சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர் ஓடும் வாய்க்கால் உங்களுக்கு நினைவிருக்கும். வெதுவெதுப்பாக, சற்றே துரு வாசனையோடு, வேகமாக ஓடும். என் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் எங்கிருந்தோ இரண்டு லாரி டியூப்களைக் கொண்டுவந்து காற்றடித்து, கிணற்றுக் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டினார்கள். முன் டியூபில் அண்ணன், அவன்தான் தண்டேல். பின் டியூபில் என் தம்பி. அவனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் கூடவே ஓடினேன்.

அண்ணன் மரஸ்கேலால் கயிற்றை அறுப்பதுபோல நடித்தான். நடிப்பு போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, முடிச்சையே அவிழ்த்துவிட்டான். தம்பியின் டியூப் சுழன்று விலகி, வாய்க்காலின் நடுவுக்குப் போனது. அவனுக்கு அது வேடிக்கை. வாயைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டே போனான்.

மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அந்த வழியாக வந்தாள் பேட்டை அத்தை. தூக்குவாளி கீழே விழுந்து சோறு மண்ணில் சிதறியதைத்தான் முதலில் பார்த்தேன். அடுத்த நொடி அவள் தண்ணீரில் இருந்தாள். இடுப்புக்கு மேல் தண்ணீர். டியூபை எட்டிப் பிடித்து, தம்பியை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் கரைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அங்கேயே நின்று அவனைக் குலுக்கினாள்.

“கத்துடா! கத்து! ஏண்டா கத்தல நீ? ஏண்டா பாத்துகினே போன?”

தம்பி பயந்துபோய் வீறிட்டு அழுதான். அவன் அழுத பிறகும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு ஆட்கள் இறங்கி அவர்களைக் கரையேற்ற வேண்டியிருந்தது. தம்பியின் முதுகில் அவள் விரல்கள் பதிந்த இடம் சாயங்காலம் வரை சிவந்திருந்தது.

பெரியவர்கள் இதற்கு என்ன முடிவு கட்டினார்கள் தெரியுமா? அத்தைக்குக் காற்று கருப்பு அடித்துவிட்டது என்று. தண்ணீர் ஓடும் இடத்தில் உச்சிவேளையில் போனாள், பிடித்துக்கொண்டது என்றாள் மாமி. கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு மந்திரிப்பவரை அழைத்து வந்தார்கள். ஏற்பாடு செய்ததில் அம்மாவுக்கும் பங்கு உண்டு. அவர் வேப்பிலையால் அத்தையின் முகத்திலும் தோளிலும் அடித்து, “யாரு நீ? எங்கிருந்து வந்த?” என்று அதட்டினார். அத்தை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கையில் மஞ்சள் கயிறு கட்டியபோது மறுக்காமல் நீட்டினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த எனக்கு, அவள் அடி வாங்குவதற்கென்றே வந்தவள்போல இருந்தது. இன்று யோசித்தால் அப்படித்தான் இருந்திருப்பாள் என்று படுகிறது.

அதற்கப்புறம் மாமி வாசிப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். ஒருநாள் மத்தியானம் அத்தை மட்டும் வந்தாள். முறத்தில் பலாச்சுளைகள், மேலே அந்தக் கத்தி.

“கயிறு அறுக்கறத இன்னொரு வாட்டி படி தங்கச்சி.”

“வேணாம்க்கா. அதைக் கேட்டுத்தான் உங்களுக்கு இப்படி ஆச்சு. விட்டுருங்க.”

அத்தை ஒரு சுளையைப் பிளந்து கொட்டையை எடுத்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு, நான் அங்கே இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்னாள்.

“அந்தக் கதையில வர்ற தண்டேலு எங்கப்பா.”

அம்மா கையிலிருந்த சுளையைக் கீழே வைத்தாள்.

அத்தை சொன்னது இதுதான். அவளுடைய அப்பா ரங்கூன் கப்பலில் தண்டேலாக இருந்தார். அவளுக்கு விவரம் தெரியத் தொடங்கிய வயதில் ஒரு ஐப்பசியில் கப்பல் மூழ்கிவிட்டது. அந்தப் பயணத்தில் அவளுடைய அண்ணனும் கூடப் போயிருந்தான், சமையலுக்குத் துணையாக. பன்னிரண்டு வயது. பெரிய படகில் பயணிகளின் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிவிட்டு, இடம் போதாமல் தன் மகனைப் பின்னால் கட்டிய சின்னப் படகில் ஏற்றினார் அப்பா.

“அடுத்தவங்க புள்ளைங்கள முன்னால ஒக்கார வெச்சாரு. எங்கண்ணன பின்னால வெச்சாரு. பின்னால் படகு ரொம்பிப் போயி இதையும் சேத்து இழுத்துச்சாம். முப்பது நாப்பது உசுரு. அறுத்துட்டாரு. கயிறு அறுந்து போச்சுன்னு அவுரு சொன்னத எல்லாரும் நம்பிட்டாங்க. எங்கம்மா சாகற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிகினு இருந்துச்சி. அப்பா சாவக் கெடக்கறப்பதான் என்னக் கூப்பிட்டுச் சொன்னாரு. ‘மின்னல்ல பாத்துட்டான்டி. கத்தல. பாத்துகினே இருந்தான்’ன்னாரு. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்க வூட்டுக்காருக்கே தெரியாது.”

அம்மா அழுதுகொண்டிருந்தாள். “நான் என்னென்ன சாபம் கொடுத்தேன்க்கா...”

“நீ குடுத்தா என்ன. எங்கப்பா அதவிடக் குடுத்துகினாரு.” அவள் கத்தியை எடுத்துப் பிடியைத் துடைத்தாள். “இதுதான் அந்தக் கத்தி.”

அம்மா அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் அந்தக் கத்தி வாங்க அனுப்பவில்லை.

அன்று முழுக்க அம்மா கொதித்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன ஒரு மனிதனை இப்படிப் பாவியாக்கி எழுத இவன் யார்? பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்று ஒரு வரி உண்டா? புத்தகத்தைக் கடைசிவரை வேகமாகப் படித்து முடித்தாள். கதையில் அந்தத் தம்பி சாகவில்லை. ஏதோ ஒரு தீவில் ஒதுங்கி, வளர்ந்து, தானே ஒரு கப்பலுக்குத் தலைவனாகி ஊர் திரும்புகிறான். அம்மா இதை அத்தையிடம் சொன்னபோது நானும் இருந்தேன். அத்தை எழுந்து நின்றுவிட்டாள்.

“இத எழுதுனவரு எங்க இருக்காரு?”

நூலகத்தில் விசாரித்ததில், நெல்லிக்குப்பத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் என்று தெரிந்தது. “வாங்கக்கா, போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்போம்” என்றாள் அம்மா. கடலூரில் துணி எடுக்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸில் வாந்தி எடுக்காத பிள்ளை நான் ஒருத்திதான் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டாள். அத்தை அன்று கல்யாணத்துக்குப் போகிறவள்போலப் பட்டுப்புடவை உடுத்தி வந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய அதிரசம். சண்டைக்குப் போகும்போது எதற்கு அதிரசம் என்று அம்மா என்னிடம் கண்ணால் கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

குறிஞ்சிப்பாடி, கடலூர் என்று பஸ் மாறி நெல்லிக்குப்பத்தில் இறங்கியபோது சர்க்கரை ஆலையால் ஊரே வெல்லப்பாகு வாசனையடித்தது. ஆசிரியரின் வீடு ஒரு சந்தில் இருந்தது. மெலிந்த மனிதர். கழுத்தில் மப்ளர், அந்த வெயிலிலும். எங்களைப் பார்த்ததும் வாசகர்கள் தேடி வந்திருக்கிறார்கள் என்று முகம் மலர்ந்துபோனது. நாற்காலிகளைத் தானே துடைத்துப் போட்டார்.

அம்மா உட்காரவே இல்லை. “ஐயா, அந்தத் தண்டேலை இப்படி எழுதியிருக்கீங்களே, அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும்னு யோசிச்சீங்களா?”

அவர் குழம்பிப்போனார். அத்தை அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“சும்மா இரு தங்கச்சி.” பிறகு அவரிடம் திரும்பினாள். அவள் குரல் அவ்வளவு மெல்லியதாகி நான் கேட்டதில்லை. “ஐயா, அந்தக் கயிறு அறுத்தத ஒங்களுக்கு யாருங்க சொன்னது?”

“யாரும் சொல்லலைம்மா.”

“பயப்படாதீங்க. நாங்க சண்டைக்கு வரல. அத பின் படகுல இருந்தவங்க மட்டுந்தான் பாத்திருக்க முடியும். அத ஒங்களுக்குச் சொன்னவரு எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்.”

பட்டும் அதிரசமும் அண்ணனைப் பார்க்கத்தான் என்று அப்போதுதான் அம்மாவுக்குப் புரிந்தது. அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆசிரியருக்கு இன்னும் புரியவில்லை. “கப்பல் மூழ்கினது, பெரிய படகு கரை சேர்ந்தது, சின்னப் படகு காணாமப் போனது, இவ்வளவுதாம்மா ஊர்ல கேட்டது. கயிறு தானா அறுந்துதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அப்படியே எழுதினா கதையில ஒண்ணுமில்லையே. ஒருத்தன் அறுத்தான்னு நான்தான் வெச்சேன்.”

“பையன் கத்தல, பாத்துகினே இருந்தான்னு எழுதியிருக்கீங்களே. அது?”

“முதல்ல கத்தினான்னுதான் எழுதினேன். படிச்சுப் பாத்தா நல்லா இல்ல. மாத்தினேன்.”

“அவன் கரையேறி, பெரியவனாகி, திரும்பி வந்தது?”

“கதை நல்லபடியா முடியணும் இல்லையாம்மா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். “ஏம்மா? நீங்க யாரு?”

அத்தை சொன்னாள். ரொம்பக் கொஞ்சமாக, இரண்டு மூன்று வாக்கியத்தில். அவர் மப்ளரை அவிழ்த்தார், மறுபடி சுற்றிக்கொண்டார், மறுபடி அவிழ்த்தார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“நான் வேணும்னு எழுதலம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது. அடுத்த பதிப்புல எடுத்துடறேன். கயிறு தானா அறுந்துதுன்னு மாத்திடறேன்.”

“வேணாங்க” என்றாள் அத்தை. “அது சரியாத்தான் இருக்குது.”

அதிரச டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். சந்து முனை வரை அவர் எங்கள் பின்னாலேயே வெறுங்காலோடு வந்தார். பஸ் கிளம்பும்போதும் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

கடலூர் வரும்வரை அம்மா அவ்வப்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அத்தைதான் கடைசியில் பேசினாள்.

“தங்கச்சி, அந்தாளு எல்லாத்தையும் கற்பனைதான் பண்ணியிருக்காரு.”

“ஆமாக்கா. மனச விட்டுராதீங்க.”

“அறுத்தது கற்பனை. மின்னலு கற்பனை. கத்தலன்றதும் கற்பனை. ஆனா அதெல்லாம் நெசமா இருந்துச்சில்ல?”

அம்மா மெல்லத் தலையாட்டினாள்.

“அப்ப அவன் கரையேறினான்றது மட்டும் ஏன் பொய்யாப் போவணும்?”

சொல்லிவிட்டு அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைத்தான் நான் இன்றுவரை மறக்க முடியாமல் இருக்கிறேன். அழுகை இல்லை. ஒரு கணக்குக்கு விடை கண்டுபிடித்த பெண்ணின் முகம். அம்மாவின் மடியில் போய்த் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அத்தை பழையபடிதான் இருந்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். மஞ்சள் கயிறு வேலை செய்துவிட்டது என்று மாமி சொல்லிக்கொண்டாள். எங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். பாய் விற்கிறவர், சாணை பிடிக்கிறவர், காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர் என்று நடுவயதைத் தாண்டிய ஆண் யார் தெருவில் போனாலும் அத்தை கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுப்பாள். எந்த ஊர், கடல் பக்கமா, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்பாள். மாமா இதைப் பார்த்து, “எங்கூட்ல தண்ணிப் பந்தல் வெச்சிருக்கா” என்று சிரிப்பார். அவருக்குக் கடைசிவரை அவள் சொல்லவில்லை. வீட்டில் எப்போதும் ஓர் ஆளுக்குச் சோறு கூடுதலாக இருக்கும். இதெல்லாம் எனக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது, மோட்டார் சத்தம் பழகியதுபோல.

நான் பள்ளிக்கூடத்தை முடிக்கும் வருஷம் மாமா உடம்பு முடியாமல்போய் வேலையை விட்டார். ஊருக்கே திரும்புவது என்று முடிவானது. சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யாராச்சும் என்னக் கேட்டுகினு வந்தா, ஊருக்குப் போய்ட்டேன்னு சொல்லு. வெறும் வயித்தோட அனுப்பாத, ஒக்கார வெச்சிச் சோறு போடு.”

“சரிக்கா” என்றாள் அம்மா.

மந்திரிப்பவரை அழைத்த அந்த ஒரு தடவையைத் தவிர, சாமி ஜோசியம் எதையும் பெரிதாக நம்பாதவள் என் அம்மா. அந்தப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்த பிறகு வேறு நாவல் எதையும் வாய்விட்டு வாசித்ததும் இல்லை. அத்தை காலமான செய்தி சில வருஷங்களில் வந்துசேர்ந்தது. ஆனாலும் அப்பா ரிட்டயர் ஆகி நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, அடுத்துக் குடிவந்த சின்னப் பெண்ணை அம்மா தனியாக அழைத்தாள். பக்கத்து வீட்டில் முன்பு இருந்த பேட்டைக்காரியைத் தேடி யாராவது வந்தால் ஊரின் பெயரைச் சொல்லி அனுப்ப வேண்டும், சாப்பிட வைத்து அனுப்ப வேண்டும் என்றாள். புதுமணப்பெண். ஒன்றும் புரியாவிட்டாலும் மரியாதையாகத் தலையாட்டினாள்.

“சரிங்கம்மா. வர்றவருக்கு என்ன வயசு இருக்கும்?”

“பன்னெண்டு” என்றாள் அம்மா.